மலைச் சைக்கிளுக்கு எந்தக் கால்சட்டை?

ஒரு வீட்டில் சண்டை.

அப்பா தம் மகனுக்குக் கியர் வைத்த மலைச் சைக்கிள் ஒன்று வாங்கிக் கொடுத்தார். பருமனான சக்கரம். முன்பக்கம் குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங். விலையும் கொஞ்சம் அதிகம்தான்.

ஒரு மாதம் ஆயிற்று. மகன் மறுபடியும் வந்து நின்றான்.

"அப்பா, சைக்கிள் ஓட்ட ஒரு கால்சட்டை வாங்க வேண்டும்."

"ஏண்டா, பீரோவில் எட்டுக் கால்சட்டை இருக்கிறதே! அதைப் போட்டுக்கொண்டால் சைக்கிள் ஓடாதா?"

"அது வேறு, இது வேறு அப்பா. இதற்கென்றே தனியாக விற்கிறார்கள்."

அப்பா விலையைக் கேட்டார். அவருக்குத் தலை சுற்றியது!

மூலையில் உட்கார்ந்திருந்த பாட்டியும் விலையைக் கேட்டாள். "முழங்கால் வரைக்கும்கூட வராத சட்டைக்கா இவ்வளவு பணம்? துணி குறைந்தால் விலையும் குறைய வேண்டாமோ?" என்றாள்.

உள்ளே இருந்து மகள் ஓடி வந்தாள். "அண்ணனுக்கு வாங்கினால் எனக்கும் வேண்டும். நானும்தான் அந்தச் சைக்கிளை ஓட்டுகிறேன்!"

அவ்வளவுதான். ஒரு சண்டை இரண்டு சண்டை ஆகிவிட்டது.

இப்படிப்பட்ட சண்டை இன்று பல வீடுகளில் நடக்கிறது. இதில் யார் சொல்வது சரி?

அப்பா சொல்வதில் பாதி சரி. மகன் கேட்பதிலும் பாதி சரி. மகள் கேட்பது முழுவதும் சரி! ஏன் என்று சொல்கிறேன்.

ஆட்டம் பிறந்த இடம்

மலைச் சைக்கிள் என்பது ரொம்பப் பழைய விளையாட்டு அல்ல.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் இருக்கிறது. அங்கே சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே மரின் என்ற மாவட்டம். அந்த மாவட்டத்தில் டமால்பைஸ் என்று ஒரு மலை.

1970-களில் அந்தப் பக்கத்து வாலிபர்கள் சிலர் பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்தார்கள். 1930-களிலும் 1940-களிலும் செய்த கனத்த சைக்கிள்கள் அவை. டயர் பருமனாக இருக்கும். அவற்றை மலை உச்சிக்குக் கொண்டுபோவார்கள். அங்கிருந்து மண்பாதையில் ஏறி உட்கார்ந்து, கீழே பாய்ந்து வருவார்கள்.

1976-ம் ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி அவர்கள் ஒரு போட்டி வைத்தார்கள். சுமார் 2 மைல் தூரம். அதற்குள் சுமார் 1,300 அடி இறக்கம்!

அந்தச் சைக்கிள்களுக்குப் பின் சக்கரத்தின் அச்சுக்குள்தான் பிரேக். பெடலைப் பின்னால் மிதித்தால் பிரேக் பிடிக்கும். மலையின் அடிவாரம் வருவதற்குள் பிரேக் சூடேறிவிடும். உள்ளே இருக்கும் கிரீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் போட்டிக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. 'மறுபடியும் அடைப்பது' என்பது அதன் பொருள்.

அந்த வாலிபர்கள் என்ன உடுத்தியிருந்தார்கள் தெரியுமா?

ஜீன்ஸ்! காலில் கனத்த பூட்ஸ். உடம்பில் முரட்டுச் சட்டை. அவ்வளவுதான். தலையில் கவசம்கூட இல்லை.

கேரி பிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லி ஆகியோர் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள். ஜோ பிரீஸ் 1977-ல் இந்த ஆட்டத்துக்கென்றே புதிய சைக்கிள் செய்தார். 1981-ல் தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்த மலைச் சைக்கிள் விற்பனைக்கு வந்தது. 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கிலேயே இந்தப் போட்டி சேர்ந்துவிட்டது. முதல் போட்டி நடந்து 20 ஆண்டுக்குள் ஒலிம்பிக்!

"அவர்கள் ஜீன்ஸில் ஓட்டவில்லையா?"

இதைக் கேட்டதும் அப்பாவுக்குச் சந்தோஷமாக இருக்கும். "பார்த்தாயா! ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர்களே ஜீன்ஸில்தான் ஓட்டினார்கள். உனக்கு மட்டும் என்ன தனிச் சட்டை?" என்று கேட்பார்.

கேள்வி நியாயமானதுதான். பதிலும் உண்டு.

அவர்கள் ஓட்டியது பெரும்பாலும் இறக்கம். கேரி பிஷர் அந்தப் பாதையை 4 நிமிடம் 22 வினாடியில் முடித்தார். ஐந்து நிமிடம் கூட இல்லை. மேலே போவதற்குப் பல சமயம் லாரி வண்டி இருந்தது. இறங்கும்போது சீட்டில் உட்கார நேரமே இராது. பெடல் மேல் நின்றபடிதான் வர வேண்டும்.

இன்று நம் பிள்ளைகள் ஓட்டுவது அப்படி இல்லை. இரண்டு மணி, மூன்று மணி நேரம் ஓட்டுகிறார்கள். மேட்டில் தாங்களே மிதித்து ஏறுகிறார்கள். ஏறும்போது சீட்டில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

ஐந்து நிமிட வேலைக்குப் போதுமான உடை மூன்று மணி நேர வேலைக்குப் போதுமா?

இன்னொன்று. ஜீன்ஸ்தான் சிறந்தது என்று அவர்கள் தேடி எடுக்கவில்லை. அதுதான் வீட்டில் இருந்தது, போட்டுக்கொண்டார்கள். நல்ல உடை வந்ததும் மாற்றிக்கொண்டார்கள்.

ஜீன்ஸில் என்ன கெடுதல்?

ஜீன்ஸ் உழைப்பாளிகளின் உடை. அதே சான் பிரான்சிஸ்கோவில் துணிக்கடை வைத்திருந்த லீவை ஸ்டிராஸ் என்பவரும், ஜேகப் டேவிஸ் என்ற தையல்காரரும் சேர்ந்து, செம்பு ஆணி அடித்த கால்சட்டைக்கு 1873-ல் உரிமை வாங்கினார்கள். வேலை செய்யும்போது கிழியாமல் இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

கிழியாமல் இருக்க, தையலைத் தடிமனாகப் போட்டார்கள். நான்கு தையலும் கால்சட்டையின் அடியில், இரண்டு தொடைக்கும் நடுவே வந்து கூடுகின்றன. அங்கே ஒரு முடிச்சுப் போலத் தடிப்பு இருக்கும்.

நாற்காலியில் உட்கார்ந்தால் அது தெரியாது. சைக்கிள் சீட் நாற்காலி அல்ல. அது ஒடுக்கமானது. அந்தத் தடிப்பின் மேலேயே உட்கார வேண்டியிருக்கிறது. ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான தடவை கால் மேலும் கீழும் போகிறது. ஒவ்வொரு தடவையும் அந்தத் தையல் தோலில் உராய்கிறது.

ஜீன்ஸ் நனைந்தால் கனக்கும். சீக்கிரம் காயாது. முழங்காலை மடக்கினால் இழுத்துப் பிடிக்கும். ஆகவே மலைப்பாதைக்கு ஜீன்ஸ் வேண்டாம்.

உட்காரும் இடத்தில் என்ன நடக்கிறது?

நம் இடுப்பு எலும்பின் அடியில் இரண்டு முனைகள் இருக்கின்றன. தரையில் உட்கார்ந்தால் கையை வைத்துப் பார்க்கலாம், கெட்டியாகத் தட்டுப்படும். சைக்கிள் சீட்டில் நம் பாரத்தை அந்த இரண்டு முனைகள்தான் தாங்க வேண்டும்.

அவற்றுக்கு நடுவே இருப்பது மெல்லிய சதை. அங்கே நரம்புகளும் ரத்தக் குழாய்களும் ஓடுகின்றன. பாரம் அங்கே விழுந்தால் மரத்துப் போகும். "இறங்கி நின்றால் சரியாகிவிடும்" என்று பல பேர் அலட்சியம் செய்கிறார்கள். அது தவறு. மரத்துப் போவது உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை. அடிக்கடி மரத்தால் சீட்டின் உயரத்தையும் சாய்வையும் சரி பார்க்க வேண்டும். அப்படியும் நிற்கவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது வியர்வை. வியர்வையும் உராய்வும் சேர்ந்தால் தோல் வழண்டு போகும். அதில் கிருமி புகுந்தால் கட்டி வரும். கட்டி வந்தால் ஒரு வாரத்துக்குச் சைக்கிள் இல்லை, உட்காருவதே கஷ்டம்! வீட்டில் வாய் திறந்து சொல்லவும் வெட்கம். எத்தனையோ பிள்ளைகள் இதைச் சொல்லாமலே சைக்கிளை மூலையில் போட்டுவிடுகிறார்கள். "பார், ஆசைப்பட்டு வாங்கினான், இப்போது தொடுவதில்லை" என்று பெரியவர்கள் திட்டுகிறார்கள். உண்மைக் காரணம் யாருக்கும் தெரிவதில்லை.

பணம் போக வேண்டிய இடம்

இதற்குத்தான் 'பேடு' வைத்த உள்சட்டை இருக்கிறது.

உடம்போடு ஒட்டினாற்போல் இருக்கும் அரைக்கால் சட்டை அது. இழுத்தால் நீளும். உட்காரும் இடத்தில் மெத்தைபோல ஒரு துண்டு வைத்துத் தைத்திருப்பார்கள்.

முன் காலத்தில் அந்தத் துண்டை 'ஷாமி' என்ற மலையாட்டின் தோலில் செய்தார்கள். ஐரோப்பிய மலைகளில் வாழும் பிராணி அது. துவைத்துக் காய வைத்தால் அந்தத் தோல் விறைத்துப் போகும். களிம்பு தடவி மெதுவாக்க வேண்டும். இப்போது தோல் இல்லை. செயற்கை இழையும் நுரைப் பஞ்சும்தான். ஆனால் பழைய பெயர் இன்னும் போகவில்லை. கடையில் 'ஷாமி' என்றால் இந்த மெத்தைதான் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நீளும் இழையும் புதியதுதான். 1958-ல் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியைச் சேர்ந்த ஜோசப் ஷிவர்ஸ் என்ற ரசாயன நிபுணர் அதைக் கண்டுபிடித்தார். அதற்கு முன் சைக்கிள் பந்தயக்காரர்கள் கம்பளி நூலில் பின்னிய கால்சட்டைதான் போட்டார்கள்.

மெத்தை தடிமனாக இருந்தால் நல்லது என்று நினைக்காதீர்கள். ரொம்பத் தடித்த மெத்தை சுருண்டு மடியும், நகரும், வியர்வையைப் பிடித்து வைக்கும். அளவான தடிப்பு போதும். மெத்தை இருக்க வேண்டியது அந்த இரண்டு எலும்பு முனைகளுக்குக் கீழே. அங்கிருந்து அது நகரக் கூடாது. இதுதான் முக்கியம்.

நான் சொல்ல வந்ததும் இதுதான். கையில் இருக்கும் பணத்தை முதலில் உள்சட்டைக்குச் செலவு செய்யுங்கள். வெளிச்சட்டை பிறகு.

நம் பிள்ளைகள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வெளியே தெரியும் சட்டையில் கம்பெனிப் பெயர் பெரிதாக இருக்க வேண்டும் என்று ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள். உள்ளே ஒன்றும் இல்லை! 'ஆள் பாதி, ஆடை பாதி' என்பார்கள். மலைப்பாதையில் அந்த ஆடைப் பாதி கண்ணுக்குத் தெரியாத பாதி.

வெட்கப்படாமல் ஒரு விஷயம்

பேடு வைத்த உள்சட்டைக்குள் வேறு உள்ளாடை போடக் கூடாது. ஜட்டி வேண்டாம்.

புதிதாக வாங்குகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு இது. வீட்டில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. கடைக்காரரும் சொல்லக் கூச்சப்படுகிறார்.

மெத்தை தோலோடு ஒட்டி இருக்க வேண்டும். நடுவே இன்னொரு துணி வந்தால், அதன் தையல் உராயும். பருத்தித் துணி வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும். எதற்காகப் பணம் கொடுத்தோமோ அந்தப் பயனே போய்விடும்.

வெளிச்சட்டை எப்படி இருக்க வேண்டும்?

உள்சட்டை மட்டும் போட்டுக்கொண்டு தெருவில் போகக் கூச்சமாக இருக்கிறதா? கூச்சப்படத் தேவையில்லை. மலைச் சைக்கிள்காரர்கள் பலர் அதன் மேல் தொளதொளப்பான ஒரு அரைக்கால் சட்டை போடுகிறார்கள். கீழே விழுந்தால் தோலுக்கு முன் அந்தத் துணி கிழியட்டும் என்பதற்கும் அது உதவும்.

ஆனால் தொளதொளப்பு எங்கே இருக்க வேண்டும்? தொடையில் இருக்கலாம். அடியில் இருக்கக் கூடாது.

மலைப்பாதையில் உடம்பு ஒரே இடத்தில் இருப்பதில்லை. மேட்டில் முன்னால் சாய்கிறோம். பள்ளத்தில் சீட்டுக்குப் பின்னால் போகிறோம். பள்ளம் முடிந்ததும் சட்டென்று முன்னால் வருகிறோம். அப்போது கால்சட்டையின் அடித்துணி தொங்கினால் சீட்டின் மூக்கில் மாட்டிக்கொள்ளும். ஒரு நொடிதான், ஆள் கீழே! ஆகவே அடியில் பொருத்தமாக இருக்கட்டும். அங்கே தையல்கள் கூடாமல் தனித்துண்டு வைத்துத் தைத்திருப்பது நல்லது.

நீளம் முழங்கால் வரை இருக்கலாம். முழங்கால் கவசம் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காலை மடக்கும்போது சட்டை மேலே ஏறும். சட்டையின் ஓரத்துக்கும் கவசத்துக்கும் நடுவே தோல் தெரியக் கூடாது. கல்லும் முள்ளும் சரியாக அந்த இடத்தைத்தான் தேடி வரும்.

இடுப்பின் பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். குனிந்து ஓட்டும்போது முதுகு தெரியாது. சேறும் உள்ளே போகாது.

பாக்கெட்டுக்கு ஜிப் வேண்டும். ஆனால் சாவிக்கொத்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள். விழும்போது தொடையில் குத்தும். அது பையில் இருக்கட்டும்.

முழுக்கால் சட்டை எப்போது?

நம் ஊர் வெயிலுக்கு அரைக்கால் சட்டை போதும். ஆனால் மூன்று சமயங்களில் முழுக்கால் சட்டைதான் நல்லது.

ஒன்று, குளிர். நீலகிரியில் காலை நேரத்தில் இறக்கத்தில் வந்து பாருங்கள். காற்று முழங்காலைக் கடிக்கும். குளிர்ந்த முழங்கால் சீக்கிரம் வலிக்கும்.

இரண்டு, முள். நம் மலைகளில் உண்ணிச் செடி புதர் புதராக மண்டிக் கிடக்கிறது. பாதையின் இரு பக்கமும் அதுதான். அதன் தண்டில் சின்னச் சின்ன முள். வேகமாகப் போகும்போது காலைக் கீறிவிடும்.

மூன்று, மழைக்காலம். மேற்கு மலைக் காடுகளில் அட்டை ஏறும். சேறும் தெறிக்கும். முழுக்கால் சட்டையின் அடியைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளலாம்.

ஆனால் அந்த முழுக்கால் சட்டை சாதாரணப் பேண்ட் அல்ல. முழங்காலுக்குக் கீழே ஒடுங்கி வர வேண்டும். கணுக்காலில் இறுக்கமாக நிற்க வேண்டும். முழங்காலில் கவசத்துக்கு இடம் வேண்டும். மெல்லிய நைலான் துணி நல்லது. சீக்கிரம் காயும்.

கணுக்கால் விஷயத்தில் மிகவும் ஜாக்கிரதை! அகலமான பேண்டின் ஓரம் செயினில் மாட்டினால் பல் சக்கரம் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். கால் நகராது. சமவெளியில் என்றால் தடுமாறி நிற்கலாம். மலை இறக்கத்தில் அது பெரிய விபத்து. நம் தாத்தாமார்கள் சைக்கிள் ஓட்டும்போது வேட்டியை மடித்துக் கட்டினார்கள். பேண்ட் போட்டவர்கள் கணுக்காலில் கிளிப் மாட்டினார்கள். அது நாகரிகத்துக்காக அல்ல, உயிருக்காக!

மகளுக்கும் வேண்டும்

இப்போது மகளின் வழக்குக்கு வருவோம்.

"பெண் பிள்ளைக்கு எதற்கு இந்த உடை?" என்ற கேள்வி நம் ஊரில் மட்டும் பிறந்தது அல்ல. சைக்கிள் பிறந்த நாடுகளிலேயே இந்தச் சண்டை நடந்திருக்கிறது.

1898-ல் இங்கிலாந்தில் லேடி ஹார்பர்ட்டன் என்ற பிரபுக் குடும்பத்துப் பெண்மணி சைக்கிளில் ஒரு விடுதிக்குப் போனார். நீண்ட பாவாடை சைக்கிளில் மாட்டும் என்பதால், தொளதொளப்பான கால்சட்டை உடுத்தியிருந்தார். "இந்த உடையில் இங்கே உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. மதுக்கடைப் பக்கம் போங்கள்" என்று சொல்லிவிட்டாள் விடுதிக்காரி. வழக்கு 1899-ல் நீதிமன்றத்துக்குப் போனது. விடுதிக்காரிதான் ஜெயித்தாள்!

வழக்கில் தோற்றாலும் காலத்தில் அந்தப் பெண்மணிதான் ஜெயித்தார். 1996-ல் ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் சேர்ந்தபோது ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே சமயத்தில் பதக்கம் வைத்தார்கள். பெண்களில் இத்தாலியைச் சேர்ந்த பவோலா பெட்சோ தங்கம் வாங்கினார். ஆண்களில் நெதர்லாந்தைச் சேர்ந்த பார்ட் பிரென்டியன்ஸ்.

வெளிநாட்டுக்கு ஏன் போக வேண்டும்? 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்துக் கற்ற பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றார்கள். அன்றும் சிலர் சிரித்தார்கள். சேலையோடு ஓட்டிய அந்தத் தாய்மார்கள் சிரிப்பைக் கேட்டு இறங்கிவிடவில்லை. தண்ணீர் எடுக்கவும், சந்தைக்குப் போகவும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவும் சைக்கிளில் போனார்கள்.

அன்று இருந்த உடையோடு அவர்கள் ஓட்டினார்கள். இன்று நல்ல உடை இருக்கிறது. அதை மகளுக்கு மறுக்கலாமா?

பெண்களுக்கென்று தனியாகத் தைத்த உள்சட்டை இருக்கிறது. பெண்களின் இடுப்பு எலும்பு முனைகள் பொதுவாகக் கொஞ்சம் அகலமாக அமைந்திருக்கும். அதற்குத் தக்கபடி மெத்தையின் வடிவமும் மாறும். அண்ணனுக்குச் சிறிதானதைத் தங்கைக்குக் கொடுக்கும் வழக்கம் இதில் வேண்டாம்.

முழங்கால் தெரியக் கூடாது என்று வீட்டில் நினைத்தால், முழுக்கால் சட்டை வாங்கிக் கொடுங்கள். உள்சட்டையின் மேல் அதைப் போட்டுக்கொள்ளட்டும். உடையில் விட்டுக்கொடுக்கலாம். சைக்கிளை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

கடையில் எப்படிப் பார்ப்பது?

கண்ணாடி முன் நின்று பார்த்தால் போதாது. கண்ணாடி முன் யாரும் சைக்கிள் ஓட்டுவதில்லை!

போட்டுக்கொண்டு குந்தி உட்காருங்கள். அடியில் இழுத்துப் பிடிக்கக் கூடாது.

ஒரு காலைத் தூக்கி முழங்காலை மார்புக்குக் கொண்டு வாருங்கள். இடுப்பு கீழே இறங்கக் கூடாது.

சைக்கிள் ஓட்டுவதுபோல் குனிந்து நில்லுங்கள். வயிற்றில் அழுத்தக் கூடாது.

உள்சட்டை உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் ஒரு அளவு சிறியதாகக் கேளுங்கள்.

நிற்கும்போது மெத்தை குழந்தைக்குக் கட்டிய துணிபோலத் தோன்றும். பயப்படாதீர்கள். சீட்டில் உட்கார்ந்தால் சரியாக இருக்கும்.

தையல்காரரிடம் போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஆனால் வெளிச்சட்டைக்கு மட்டும்.

லேசான, உறுதியான துணி எடுத்துக் கொடுங்கள். "அடியில் தையல் கூடாமல் தனித்துண்டு வையுங்கள். பின் இடுப்பை ஒரு அங்குலம் உயர்த்துங்கள். முழங்காலில் கொஞ்சம் இடம் விடுங்கள். கணுக்காலில் ஒடுக்குங்கள்" என்று சொல்லுங்கள். நம் ஊர்த் தையல்காரர் அழகாகத் தைத்துக் கொடுப்பார். செலவும் மிச்சம்.

உள்சட்டையை அப்படிச் செய்ய முடியாது. நீளும் துணியில் தட்டையாகத் தைக்க வேறு மெஷின் வேண்டும். அதைக் கடையில்தான் வாங்க வேண்டும். நம் தேசத்திலேயே செய்தவை கிடைக்கின்றன. வெளிநாட்டுப் பெயர்தான் வேண்டும் என்பதில்லை.

துவைப்பது எப்படி?

'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பது பழமொழி. உள்சட்டைக்கு அது சட்டமே!

ஒரு தடவை போட்டால் அன்றே துவைக்க வேண்டும். வியர்வையோடு மறுநாள் போடுவது நோயை விலைக்கு வாங்குவது. ஓட்டி முடித்து வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள். அதோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க வேண்டாம்.

குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். கல்லில் அடிக்க வேண்டாம். முறுக்கிப் பிழிய வேண்டாம். துணியை மென்மையாக்கும் திரவம் வேண்டாம். அது இழையைக் கெடுக்கும். உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் காற்றாட உலர்த்துங்கள்.

அடிக்கடி ஓட்டுகிறவர்களுக்கு இரண்டு உள்சட்டை வேண்டும். ஒரு வெளிச்சட்டை போதும். இரண்டு வெளிச்சட்டையும் ஒரு உள்சட்டையும் வைத்திருப்பவர் கணக்குத் தெரியாதவர்.

என் தீர்ப்பு

அப்பாவுக்கு ஒரு வார்த்தை. இது ஆடம்பரம் அல்ல. சைக்கிளுக்குச் செயின் எவ்வளவு தேவையோ, நெடுநேரம் ஓட்டுகிறவனுக்கு உள்சட்டை அவ்வளவு தேவை. உள்சட்டைக்குப் பணம் கொடுங்கள். மகனின் உடம்பு அது.

மகனுக்கு ஒரு வார்த்தை. வெளியே தெரியும் பெயருக்காக அப்பாவின் சம்பளத்தைக் கரைக்காதே. தலைக்கவசம் முதலில். முழங்கால் கவசமும் உள்சட்டையும் அடுத்து. வெளிச்சட்டை கடைசி. அதைத் தையல்காரர் தருவார்.

இன்னும் ஒன்று. "நல்ல கால்சட்டை வந்த பிறகுதான் ஓட்டுவேன்" என்று உட்கார்ந்துவிடாதே. டமால்பைஸ் மலை வாலிபர்கள் அப்படிக் காத்திருந்தால் இந்த ஆட்டமே பிறந்திருக்காது. இருப்பதில் ஒடுக்கமான சட்டையைப் போட்டுக்கொண்டு பக்கத்து மேட்டில் அரை மணி நேரம் ஓட்டு. உடம்பு எங்கே வலிக்கிறது என்று பார். அதற்குப் பிறகு கடைக்குப் போ. அப்போது எதை வாங்க வேண்டும் என்று உனக்கே தெரியும்.

பாட்டிக்கும் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? துணி குறைவுதான் பாட்டி. ஆனால் விலை துணிக்கு அல்ல. அந்த மெத்தைக்கும் தையலுக்கும்.

மகளுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. அப்பா கடைக்குப் புறப்படும்போது, அவளும் கூடப் போகட்டும்.